சண்டை வகுப்பு

கட்டடவியல் துறையின் மூத்த பேராசிரியருக்குச் ‘சிவப்பு மை’ என்று பெயர் வைத்த மாணவன் யாரோ, அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். அவருடைய சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும். யார் ஆய்வேட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாலும் முதல் வரியிலேயே அடிக்கத் தொடங்குவார். அடித்த இடத்துக்கு மேலே தன் ஆங்கிலத்தை எழுதுவார். கடைசிப் பக்கத்துக்கு வந்து சேரும்போது மாணவர் சொந்தமாக எழுதியதில் மிஞ்சியிருப்பது அட்டையில் இருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் எண்களும் மட்டும்தான்.

சாக்கடைக் குழாயைப் பற்றிய ஆய்வாக இருக்கட்டும், லிஃப்ட் போடும் சத்தத்தைப் பற்றியதாக இருக்கட்டும், அவர் கைபட்ட ஆய்வேடுகள் எல்லாமே “மனிதகுலம் தோன்றிய காலந்தொட்டு” என்றுதான் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும். யாரும் எதையும் செய்ததாக அவற்றில் இருக்காது. எல்லாம் தானாகவே காணப்படும், கருதப்படும், கண்டறியப்படும். நூலகத்தில் அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகள் ஓர் அலமாரி முழுக்க நிற்கின்றன. எதை எடுத்து எங்கே பிரித்தாலும் ஒரே குரல். இதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. அவர் மனைவி வரி அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கணக்கிலும் பேச்சிலும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். “ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ஒரே ஆளோட ஜாடையில இருந்தா அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா?” என்று ஒருநாள் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் குளிக்கப் போய்விட்டார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. படிக்கிற காலத்தில் ஆங்கிலம் தெரியாமல் வகுப்பில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவர் அவர். பழைய ஆராய்ச்சி இதழ்களை வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாக மனப்பாடம் செய்து தன் ஆங்கிலத்தைக் கட்டி எழுப்பினார். தான் பட்ட பாட்டைத் தன் மாணவர்கள் படவேண்டாம் என்ற பாசத்தில்தான் அத்தனை மையையும் செலவழித்தார். என்ன செய்வது, சில பேருடைய பாசத்தில் எதிரில் இருப்பவர் மூச்சுவிட இடமிருக்காது.

போன வருடம் ஒரு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இது சந்திக்கு வந்தது. வெளித்தேர்வாளராக வந்தவர் மழைக்காலக் கட்டுமானத்தில் கரைகண்டவர், மெல்லப் பேசுகிற மனிதர். ஒரு பக்கத்தைத் திறந்து, இந்த வாக்கியம் அழகாக இருக்கிறது, இதில் என்ன சொல்லவருகிறீர்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்களேன் என்று மாணவனைக் கேட்டார். மாணவன் வாக்கியத்தைப் பார்த்தான். பிறகு பேராசிரியரைப் பார்த்தான். பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். தேர்வாளர் அடுத்த பக்கம் போனார், அதற்கடுத்த பக்கம் போனார், எல்லா இடத்திலும் அதே கதை. ஆய்வேடு திரும்பி வந்தது. அதன் பிறகு கொஞ்ச நாளைக்குப் பேராசிரியர் வராந்தாவில் வந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் ஆய்வு எழுதும் வகுப்புக்குப் போயாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர் தற்காலிகப் பணியில் ஓர் இளம்பெண். சின்ன உருவம், கரகரத்த குரல், கையில் ஒரு தண்ணீர் பாட்டில், காதோரம் செருகிய ஒரு பென்சில். மாணவர்கள் அவருக்குப் பெயர் வைக்கவும் நாள் எடுத்துக்கொள்ளவில்லை. யார் எதை வாசித்தாலும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அதுக்கென்ன இப்போ?” என்பார். ‘அதுக்கென்ன மேடம்’ ஆகிவிட்டார்.

பேராசிரியரிடம் அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவிக்கும் ஒரு பெயர் உண்டு, ‘சரிங்கசார்’. அவர் என்ன சொன்னாலும் அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வரும். புதிதாகத் தளம் போட்ட வீடுகளின் கூரை ஏன் ஒழுகுகிறது என்பது அவள் ஆய்வு. வீடு வீடாக ஏணி வைத்து ஏறி, முட்டி தேய்ந்து, வெயிலில் கறுத்து, தளத்தின் ஒவ்வொரு மூலையையும் தொட்டுப் பார்த்தவள். ஆனால் எழுத உட்கார்ந்தால் பேராசிரியரின் பழைய ஆய்வேடுகளைப் பார்த்து மனிதகுலம் தோன்றிய காலத்துக்குப் போய்விடுவாள். அவளுக்குக் காலக்கெடு முடியப்போகிறது. இந்த முறை ஆய்வேடு திரும்பி வந்தால் மறுபடி உள்ளே நுழைய வழியில்லை, பட்டமில்லாமல் ஊர் போய்ச் சேரவேண்டியதுதான். தேர்வாளராக வரப்போகிறவரும் போன வருடம் வந்த அதே மனிதர்தான்.

அந்தப் பெண் வகுப்பில் என்னதான் நடத்துகிறார், இலக்கணம் சொல்லித்தருகிறாரா பொழுதைப் போக்குகிறாரா என்று பார்த்துவிடுவோம் என ஒருநாள் பேராசிரியர் கிளம்பிப் போனார். வகுப்பு பழைய வரைபடக் கூடத்தில் நடந்தது. உயரமான ஸ்டூல்கள், சாய்வான மேஜைகள், மரத்தில் காம்பஸ் முனை கீறிய தழும்புகள். பின்கதவை நெருங்கும்போதே உள்ளே கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தால், விலங்கியல் மாணவன் ஒருவன் கையை நீட்டி நீட்டிப் பேசுகிறான், எதிரே கணக்கியல் மாணவி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். பேராசிரியர் உள்ளே நுழைந்து விலக்கிவிடலாமா என்று நினைத்தார். மற்றவர்கள் நிம்மதியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

அது அந்த வகுப்பின் வழக்கம். தான் கண்டுபிடித்ததை ஒருவர் முதலில் சண்டை போடுகிற மொழியில் சொல்லவேண்டும். எதிராளிக்கு மூன்றே கேள்விகள்தான் அனுமதி: யார் சொன்னது? எப்படித் தெரியும்? எப்பவுமா? பதில் சொல்லி ஜெயித்த பிறகுதான் ஆங்கிலத்தில் எழுத உட்காரலாம். வீட்டில் தட்டை உடைத்துவிட்டு ‘என்னால் தட்டு உடைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது’ என்று யாராவது சண்டைக்கு நிற்பார்களா என்று அந்த ஆசிரியை கேட்க, கூடமே சிரித்தது. பின்கதவருகே நின்றிருந்தவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அடுத்து அவருடைய மாணவியின் முறை. அவள் எழுந்து, மனிதகுலத்தில் ஆரம்பித்து ஒரு பத்தியை ஆங்கிலத்தில் முணுமுணுத்து முடித்தாள். அதுக்கென்ன இப்போ என்று கேட்டார் ஆசிரியை. அவள் தலைகுனிந்து நின்றாள். அவர் தன் ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டு, உங்கள் வீட்டுக்குப் புதிதாகத் தளம் போட்டிருக்கிறார்கள், ஒழுகுகிறது, மேஸ்திரி வந்து அதெல்லாம் ஒழுகவே ஒழுகாது என்று சாதிக்கிறார், இப்போது சொல்லுங்கள் என்றார்.

“ஒழுகுது,” என்றாள் சரிங்கசார். குரல் கொஞ்சம் ஏறியது. “எங்கன்னு நான் காட்டுறேன், வாங்க. நேத்து பாதியில நிறுத்திட்டு இன்னிக்கு வந்து தொடர்ந்தீங்களே, அந்த ஒட்டுல. அங்கதான் ஒழுகுது.”

எப்படித் தெரியும் என்று கேட்டான் விலங்கியல் மாணவன். நான் ஏறிப் பார்த்தேன், நீ ஏறினாயா என்று திருப்பிக் கேட்டாள் அவள். எந்தெந்த வீட்டில் எந்த மூலை என்று விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். பேராசிரியர் கதவைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாகத் தன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தலையாட்டிய பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்குத் தெரியாது.

“எப்பவுமா?” என்றான் விலங்கியல் மாணவன்.

அவள் நின்றுவிட்டாள். மழை பெய்யும்போது போட்ட தளம் எதையும் தான் பார்க்கவில்லை, அதைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று மெதுவாகச் சொன்னாள். சண்டையில் தோற்றுவிட்டதாக நினைத்து உட்காரப் போனாள்.

“அதை எழுதுங்க,” என்றார் ஆசிரியை.

“தெரியாதுங்கறதையா மேடம்?”

“அதைத்தான். இவ்வளவு தூரம் ஏறிப் பார்த்தவங்களுக்குத்தான் எங்க நின்னோம்னு சொல்ல முடியும்.”

பிறகு கூடம் அடங்கியது. எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். ஆசிரியை ஸ்டூல்களுக்கு நடுவே நடந்தார். எவராவது ஆங்கிலச் சொல் கிடைக்காமல் தவித்தால் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டு இரண்டு மூன்று சொற்களை எடுத்து வைப்பார். இது கொஞ்சம் கனமானது, இது சந்தேகத்தோடு சொல்வது, இது அடித்துச் சொல்வது என்று விளக்குவார். தேர்ந்தெடுப்பது எழுதுகிறவர் பாடு. விலங்கியல், கணக்கியல், கட்டடம் எதுவும் அவருக்குத் தெரியாது, தெரியாது என்று வெட்கமில்லாமல் சொன்னார், அதனாலேயே எல்லோரும் அவருக்குப் புரியவைக்கப் போட்டிபோட்டார்கள். தாள்மேல் பென்சிலால் கேள்வி எழுதுவாரே தவிர ஒரு சொல்லைக்கூடத் தன் கையால் மாற்றவில்லை. பேராசிரியருக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாக, இப்படியும் ஒருவர் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று வியப்பாக இருந்தது. அதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஆனாலும் பழக்கம் பொல்லாதது. மாணவி புதிதாக எழுதிவந்த முதல் அத்தியாயம் ‘புதிய தளங்கள் ஒழுகுகின்றன. எங்கே ஒழுகுகின்றன என்று இந்த ஆய்வு கேட்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியையைத் தன் அறைக்கு வரவழைத்து, இது ஆய்வேடா, பிளம்பர் கொடுக்கும் பில்லா என்று கேட்டார். ஆங்கிலத்துக்கென்று ஒரு கம்பீரம் இருக்கிறது, அதை மாணவர்கள் நம்மைப் பார்த்துத்தான் கற்கவேண்டும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியை, மேஜைமேல் கிடந்த போன வருட ஆய்வேட்டை எடுத்துப் பிரித்தார். அதுதான் திரும்பி வந்த ஆய்வேடு. பக்கத்தில் ஓரிடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டார். இன்னும் கொஞ்சம் கீழே இன்னொரு கோடு. இதுவரை மாணவர் எழுதியது, இதிலிருந்து நீங்கள், மறுபடி இங்கே மாணவர் என்றார். ஒரு கோடுகூடத் தப்பவில்லை.

“உங்களுக்கு நான் சொல்லணுமா சார்? ஒட்டுப் போட்ட இடத்துலதான் ஒழுகும்.”

பேராசிரியருக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான், வரவில்லை. ஆசிரியை சொன்னது கட்டடக்காரனுக்குப் புரிகிற பாஷையாக இருந்தது. தேர்வாளர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்க்கப்போகிறார், இந்தப் பெண் ஒட்டில்லாத ஆய்வேட்டோடு போகட்டும், நீங்கள் கைவைக்காமல் இருங்கள் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார். இந்த ஆய்வேட்டில் சிவப்பு மை படாது என்று அவரும் வாக்குக் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் அடிக்கடி பின்கதவருகே போய் நின்றார். கேட்டால், அந்தப் பக்கம் கழிவறை இருக்கிறதே என்பார். ஒரே பத்தியைச் சரிங்கசார் எத்தனை முறை கிழித்துப் போட்டாள், ஆசிரியை எத்தனை முறை சலிக்காமல் உட்கார்ந்து கேட்டார் என்பதையெல்லாம் பார்த்தார். தொண்டை கட்டிப்போன நாளில்கூட அவர் சைகையிலேயே அதுக்கென்ன என்று கேட்க, மாணவர்கள் அதற்கும் பதில் சொன்னார்கள். அந்தப் பெண்மேல் பேராசிரியருக்கு வந்த மரியாதை சாதாரணமானதல்ல. தன் வயதில் பாதி இருப்பவரைப் பார்த்து, நான் படித்த காலத்தில் எனக்கு இவர் வாய்க்கவில்லையே என்று ஏங்கினார்.

ஆய்வேடு முடிந்தது. கடைசிக் கோப்பு வழிகாட்டியின் ஒப்புதலுக்காக அவருடைய கணினிக்கு வந்தது. அவர் படித்தார். நன்றாக இருந்தது. ஏணியும் வெயிலும் ஈரச்சுவரும் ஆங்கிலத்தில் கண்முன் நின்றன, ஒரு வாக்கியம்கூட அவரைப் போல இல்லை. கண் கொஞ்சம் கலங்கியதைக் கண்ணாடியைத் துடைத்துச் சமாளித்தார். முடிவுரைக்கு வந்தபோது அந்த வரி இருந்தது: ‘மழையில் போட்ட தளங்களை நான் பார்க்கவில்லை. அவற்றைப் பற்றி எனக்குத் தெரியாது.’

அதை இன்னொரு முறை படித்தார். வருகிறவர் மழைக்காலக் கட்டுமானத்தில் கரைகண்டவர். அவர் முன்னால் போய், மழையைப் பற்றித் தெரியாது என்பதா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதா? ஆய்வேட்டில் தெரியாது என்று எழுதினால் பட்டம் எதற்குக் கொடுப்பார்கள்? அவருடைய அலமாரியில் இருக்கும் எந்த ஆய்வேட்டிலும் அந்த வார்த்தை கிடையாது. கை பரபரத்தது. அந்த வரியை நீக்கினார். நீக்கியதால் பள்ளம் தெரியாமலிருக்க, முந்தின வாக்கியத்தில் ‘நான் பார்த்த தளங்கள்’ என்றிருந்ததைத் ‘தளங்கள்’ என்று பூசி மெழுகினார். வாக்குக் கொடுத்தது சிவப்பு மைக்குத்தானே, கீபோர்டில் மை ஏது? தானே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, பெண்ணைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் வீட்டுக்குப் போனார்.

வைவா நாள் வந்தது. முன்வரிசையில் துறை ஆசிரியர்கள், பின்வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு அந்த ஆசிரியை. வெளித்தேர்வாளர் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் கேட்டார், சரிங்கசார் சின்னச் சின்ன வாக்கியங்களில் பதில் சொன்னாள். குரலில் நடுக்கம் இருந்தது, பதிலில் இல்லை. பேராசிரியர் காலை நீட்டி உட்கார்ந்தார். அப்போது தேர்வாளர் முடிவுரையைத் திறந்தார்.

தளங்கள் ஒட்டில்தான் ஒழுகுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், மழையில் போட்ட தளங்களும் இதில் அடக்கமா என்று கேட்டார்.

அவள் தன் பிரதியைத் திருப்பினாள். அந்த வரியைத் தேடினாள். பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு தலையைத் தூக்கிப் பேராசிரியரைப் பார்த்தாள். போன வருடத்து மாணவன் பார்த்த அதே பார்வை. அவர் மின்விசிறியைத் தேடினார். இந்த அறையில் ஏசி, மேலே வெறும் கூரைதான். சரிங்க சார் என்று சொல்லிவிடு தாயே, உனக்கு அது ஒன்றுதானே வாயில் வரும் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

“நோ, சார்,” என்றாள் அவள்.

முன்வரிசை முழுவதும் நிமிர்ந்தது. அவள் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். இந்த வாக்கியம் தப்பு. மழையில் போட்ட ஒரு தளத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அவற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. வெயிலில் போட்டவற்றைக் கேளுங்கள், எந்த வீட்டில் எந்த மூலை என்று சொல்கிறேன். தெரியாததை ஏன் எழுதினீர்கள் என்று தேர்வாளர் கேட்டார். அவள் பேராசிரியர் பக்கம் திரும்பவில்லை. அச்சுக்குப் போகும் முன் நான் சரிபார்த்திருக்கவேண்டும், தவறு என்னுடையது என்றாள்.

பேராசிரியருக்கு அதற்குமேல் நாற்காலி கொள்ளவில்லை. எழுந்தார். ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்த ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட உதவிக்கு வரவில்லை.

“அந்த வரி அவ எழுதினது இல்லைங்க. நான் மாத்தினது. அவ ‘எனக்குத் தெரியாது’ன்னு தெளிவா எழுதியிருந்தா. அதைப் படிக்க எனக்குத்தான் பயமா இருந்துச்சு.”

பின்வரிசையில் ஆசிரியை பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். தேர்வாளர் அவளிடம் முதலில் எழுதியதைச் சொல்லச் சொன்னார்; அவள் மனதிலிருந்து சொல்ல, தன் பிரதியில் தானே எழுதிக்கொண்டார். பிறகு விட்டாரா என்றால் இல்லை. மழையில் ஏன் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் எதை எதிர்பார்த்திருப்பீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டார். அவள் சளைக்காமல் நின்றாள்; ஓரிடத்தில் அவரையே எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் அவர் ஆய்வேட்டை மூடினார். மழையில் போடும் தளங்களைப் பற்றித் தனக்கும் பாதிதான் தெரியும், அதைத் தான் எங்கேயும் எழுதியதில்லை என்று சொன்னார். அந்த வரியைத் திரும்பச் சேர்க்கவேண்டும், மற்றபடி பட்டத்துக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் பேராசிரியர் ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அவரோ, வியாழக்கிழமை வகுப்பில் ஒரு ஸ்டூல் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வியாழக்கிழமை பேராசிரியர் முன்கதவு வழியாகவே போனார். கையில் ஓர் இதழிலிருந்து திரும்பி வந்திருந்த தன் கட்டுரை. விரிசல் விட்ட பழைய சுவர்களைப் பற்றி ரொம்ப காலமாக அவர் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயம் அது. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார், கால் தரைக்கு எட்டவில்லை. எதிராளியாக யார் வருகிறீர்கள் என்று ஆசிரியை கேட்க, திருத்திய ஆய்வேட்டோடு வந்திருந்த சரிங்கசார்தான் முதலில் கை தூக்கினாள்.

அவர் மனிதகுலம் தோன்றிய காலந்தொட்டு வாசித்தார். அதுக்கென்ன இப்போ சார் என்று ஆசிரியை கேட்டார். விலங்கியல் மாணவன் வாயைப் பொத்திக்கொண்டான். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மனைவியிடம் சண்டைக்கு நிற்கிற தோரணையில் மறுபடி ஆரம்பித்தார். யார் சொன்னது என்றாள் சரிங்கசார். நான்தான் சொல்கிறேன் என்றார். எப்படித் தெரியும் என்றாள். தான் தட்டிப் பார்த்த சுவர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல உற்சாகம் வந்துவிட்டது, குரல் ஏறிவிட்டது, கூடமே அவரைக் கவனித்துக்கொண்டிருந்தது.

“எப்பவுமா சார்?” என்றாள் அவள்.

பேராசிரியர் வாயைத் திறந்தார். கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. மெல்ல இறங்கி வந்தது.

“தெரியலம்மா.”

ஆசிரியை காதோரப் பென்சிலை எடுத்து அவர் மேஜைமேல் உருட்டிவிட்டார்.

“அதை எழுதுங்க சார்,” என்றாள் சரிங்கசார்.

“சரிம்மா,” என்று பேராசிரியர் பென்சிலைக் கையில் எடுத்தார்.